ஸ்டிக்கரில் 2.5 வோல்ட், கொடுத்தது 36

வியாசர்பாடியில் கேரம் போர்டு செய்கிற அண்ணன் ஒருவர், மூலை ஓட்டைகளைக் கையால் அறுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி பலகையை வெட்டும் மெஷின்) கட்டிவிட்டார். 4.45 செ.மீ. வட்டம் நாலு போட்டால் போதும், வேறொன்றும் அது செய்ய வேண்டாம். மெதுவாக ஓட்டினால் அருமையாக வெட்டுகிறது. அடுத்த மூலைக்கு வேகமாகப் போகச் சொன்னால் மட்டும் தலையை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றுவது) 'ஙீ' என்று கத்திவிட்டு நின்றுவிடும், அப்புறம் ஓட்டை இடம் மாறி விழும், பலகை வீண்.

போய்ப் பார்த்தால் மோட்டாருக்கு மாட்டியிருப்பது 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). 36 மாட்டலாமே அண்ணா என்றேன். மோட்டாரைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினார். "2.5 வோல்ட்னு போட்டுக்கிறான், 12 குடுத்ததுக்கே பயந்துனு கீறேன், நீ வேறபா."

குழப்புவதே இந்த ஸ்டிக்கர்தான். 2.8 ஆம்பை சுருளின் 0.9 ஓமால் பெருக்கினால் வருகிற எண் அது, அவ்வளவுதான். இப்போதைய டிரைவர்கள் (மோட்டாருக்குக் கரன்ட்டை அளந்து விடும் போர்டுகள்), நாம் வைத்த ஆம்ப் வந்ததும் கரன்ட்டை வெட்டி வெட்டி விடுகின்றன, அதனால் 36 கொடுத்தாலும் சுருளில் ஓடுவது அதே 2.8. கவனமாக வைக்க வேண்டியது டிரைவரின் ஆம்ப் சுவிட்சை.

வோல்ட் வேகத்துக்கு. சுருளில் கரன்ட் டக்கென்று ஏறாது. அப்படி ஏறவிடாமல் தடுக்கும் குணம் (இண்டக்டன்ஸ்) இந்த மோட்டாரில் 2.5 மில்லிஹென்றி, 12 வோல்ட்டில் 2.8 ஆம்ப் ஏற எப்படியும் 0.58 மில்லிசெகண்ட் ஆகும். நிமிடத்துக்கு 600 சுற்று, சுற்றுக்கு 200 ஸ்டெப் என்றால் ஒரு ஸ்டெப்புக்குக் கிடைப்பதே 0.5 மில்லிசெகண்ட். கரன்ட் ஏறி முடிக்கும் முன்பே அடுத்த ஸ்டெப் வந்து நிற்கிறது, இழுவை எங்கிருந்து வரும்? 36-ல் சுமார் 0.2-லேயே ஏறிவிடும். (ஓடுகிற மோட்டார் தானே கிளப்பும் எதிர் வோல்ட்டையும் சேர்த்தால் 12-ன் பாடு இன்னும் மோசம்.)

36 மாட்டி ஓட்டினோம். நாலு மூலையும் கத்தாமல் முடித்தது. மோட்டார் மேல் கை வைத்து "சுடுதேபா" என்றார். ஸ்டெப்பர் சுடத்தான் செய்யும், சும்மா நிற்கும்போது கரன்ட்டைப் பாதியாக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டேன்.

உடனே அவருக்குத் தைரியம் வந்து 48 போடலாமா என்றார். மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கு என்கிற பழைய கணக்குப்படி மோட்டார் 50 வரை தாங்கும், ஆனால் அவருடைய டிரைவரின் எல்லையும் 50-தான். கனமான தலை சடாரென்று நிற்கும்போது மோட்டாரே டைனமோவாகி வோல்ட்டைத் திருப்பித் தள்ளும். 48-ல் அதற்கு இடமில்லை, டிரைவர் போய்விடும். வேண்டாம் அண்ணா, 36-லேயே இருக்கட்டும் என்றேன்.