மலைக்குளிரில் அலுமினியக் கோலம்

நம்ம மலைநாட்டுக் குளிர் அனோடைசிங் வேலைக்கென்றே வாய்த்தது. அதாவது அலுமினியத்தை அமிலத் தொட்டியில் அமிழ்த்தி, கரண்ட் பாய்ச்சி, சாயம் ஏறுற மாதிரிப் படலம் வளர்க்கிற வேலை. கந்தக அமிலத் தொட்டி 20 பாகை செல்சியஸ் அளவில் நிற்கணும். கரண்ட் ஓட ஓட அது சூடேறும். நுவரெலியாவில், சின்ன வேலைக்கு, தொட்டியைச் சுற்றிப் பைப் தண்ணீர் ஓடவிட்டாலே போதும். (அமிலத்தைத் தண்ணீருக்குள்தான் ஊற்றணும், மாற்றிச் செய்துவிடாதீங்க தம்பிமாரே. கையுறை, கண்ணாடி கட்டாயம்.)

கரண்ட் பாய்ந்ததும் அலுமினியத்தின் மேல் நுண்துளைகளோடு ஒரு ஆக்சைடு படலம் வளரும். சாயம் அந்தத் துளைகளுக்குள் போய் உட்காருவதால்தான் பெயின்ட் மாதிரி உரிந்து வராது.

டிசைனுக்கு எனக்குப் பிடித்த முறை: முழுத் துண்டையும் முதலில் தங்க மஞ்சளில் முக்குவேன். கழுவிக் காயவைத்து, வினைல் ஸ்டிக்கரில் வெட்டிய கோலத்தை ஒட்டுவேன். சாயம் சூடாக இருப்பதால் ஓரம் தூக்கிக்கொள்ளப் பார்க்கும், வளைவுகளில் நன்றாக அழுத்திவிடணும். பிறகு கறுப்பு. ஸ்டிக்கரை உரிக்கும்போது கறுப்புக்கு நடுவே மஞ்சள் இழை பளிச்சென்று எழும் பாருங்க, அதுக்காகவே இந்த வேலையை இவ்வளவு விரும்புறேன். வெறுங்கை மட்டும் படக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் சரியாக ஏறாது, ரேகை அப்படியே நிற்கும்.

கடைசியில் கொதிநீரில் போட்டுத் துளைகளை மூடணும். சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். அதனால் கீழ்நாட்டுக் கணக்கைவிடக் கூடுதல் நேரம் விடுங்க.

அடுத்த டிசைன் தேயிலைக் கொழுந்தின் ரெண்டு இலையும் ஒரு மொட்டும். ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்தாச்சு.