குளக்கட்டு மருதில் பெருந்தேனீ இருந்தால்

குளிர்நாட்டில் தேனீ வளர்ப்பவர்களுக்குப் பக்கத்தில் பம்பிள் தேனீக் கூடு இருந்தால் என்ன செய்வது என்ற யோசனை வரும். வன்னியில் அந்த இனம் இல்லை. காய்ந்த கூரை வளையைத் துளைத்து இரைகின்ற கருவண்டை அதுவென்று நினைப்பவர்கள் உண்டு. அது தனித்து வாழும் பூச்சி, தேன்பெட்டியோடு அதற்கு அலுவல் கிடையாது. நாங்கள் கணக்கில் எடுக்கவேண்டிய அயலவர் காட்டுப் பெருந்தேனீதான். ஊரில் பலர் குளவி என்றே சொல்வார்கள்.

குளக்கட்டு மருதிலோ காட்டோரத்துப் பாலையிலோ உயரக் கிளையில் ஒரே தேன்வதையாக, மூடாப்பு எதுவுமின்றித் தொங்கும். ஒரு மீற்றர் அகலத்துக்கும் வதை வளரும். பூக்காலத்தில் வந்து, பூ தீர்ந்ததும் கூட்டமாகக் கிளம்பிவிடும். அடுத்த முறை அதே மரத்துக்கே திரும்புவதும் வழமை. அதனால் பெட்டி வைக்குமுன் ஊரில் மூத்தவர்களிடம் எந்த மரத்தில் குளவி கட்டும் என்று கேட்டுவிடுங்கள். அந்த மரத்திலிருந்து நூறு மீற்றராவது தள்ளி, நிழலில், இடுப்பளவு உயரத் தாங்கியில் பெட்டியை வையுங்கள். தாங்கியின் நாலு காலும் தண்ணீர்ச் சிரட்டையில் நிற்கவேண்டும். இல்லையென்றால் பெருந்தேனீக்கு முன்னரே முசுறு வந்துவிடும்.

பூ நிறைந்திருக்கும்போது பெட்டித் தேனீக்கும் பெருந்தேனீக்கும் சண்டை இல்லை. முதிரையும் வேம்பும் பூத்தால் எல்லோருக்கும் போதும். சிக்கல் சோளகம் அடிக்கும் வறட்சியில்தான். பெட்டிக்குள் மகரந்தம் வருவது குறையும், இராணி முட்டையிடுவதைக் குறைக்கும், வாசலில் காவல் மெலியும். மெலிந்த பெட்டியைப் பெரியவை கொள்ளையடிக்கப் பார்க்கும். வாசலில் உள்ளே வரும் தேனீயின் காலைக் கவனியுங்கள். மஞ்சள் மகரந்த உருண்டையோடு வந்தால் உள்ளே தேனீப் புழு வளர்கிறது. வெறுங்காலோடு வந்து, வாசலில் உருண்டு பிரண்டு கடிபட்டால் அது கொள்ளை. உடனே வாசலை இரண்டு சென்ரிமீற்றருக்குச் சுருக்குங்கள். இடுக்குகளைக் களிமண்ணால் பூசுங்கள். ஐந்தாறு காவல் தேனீக்கள் அந்த அகலத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சீனிப்பாகு கொடுப்பதில்தான் கூடுதலான பிழை நடக்கிறது. ஒரு கிலோ சீனிக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். ஒரு பெட்டிக்கு ஒருமுறைக்கு கால் லீற்றர் போதும். தேனீ மூழ்காமல் இருக்கச் சிறு குச்சிகளை மிதக்கவிட்டு, பொழுதுபட்ட பிறகு பெட்டிக்கு உள்ளேயே வையுங்கள். வெளியில் திறந்து வைத்தால் காட்டையே விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. இன்னொன்று: பெருந்தேனீ நிலவு வெளிச்சத்திலும் இரை தேடிப் பறக்கும். ஆகவே பௌர்ணமியை அண்டிய நாட்களில் இருட்டிவிட்டதென்று நம்பி மூடியை அரைகுறையாக விடக்கூடாது. சிந்திய பாகைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

புகைமூட்டியைப் பற்ற வைக்குமுன் காற்றுத் திசையைப் பாருங்கள். காய்ந்த பொச்சின் புகை மரத்துப் பக்கம் போனால் பெருந்தேனீக்கள் குழம்பும். வதையின் மேல் அலை அலையாக ஒரு மினுமினுப்பு ஓடுவதைத் தூரத்திலிருந்தே காணலாம். ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்குகின்ற அசைவு அது. அதைக் கண்டால் சட்டத்தை இறக்கி, பெட்டியை மூடி, ஆட்களையும் கட்டியிருக்கும் மாடுகளையும் அப்புறப்படுத்துங்கள். கொட்டினால் கையை வீசி அடிக்காதீர்கள். கொடுக்கோடு வாழைப்பழ வாசனை போன்ற ஒன்று வெளிவரும், அது மற்றவற்றையும் அதே இடத்துக்கு அழைக்கும். நேரே வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திவிட்டு, கொடுக்கை நகத்தால் வழித்து எறியவேண்டும். குளத்துக்குள் குதித்தால், தலை தூக்கும்வரை மேலே சுற்றிக்கொண்டு நிற்கும். மூச்சு முட்டினாலோ, பல இடத்தில் கொட்டியிருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தீப்பந்தம் கட்டி அந்த வதையைக் கொளுத்துவது பெரிய அநியாயம். அந்தத் தேனீக்கள்தான் காட்டு மரங்களைக் காய்க்க வைக்கின்றன. வறட்சியில் கொளுத்தினால் காடும் சேர்ந்து எரியும்.

அவை போன பிறகு வெறும் வதை கிளையில் தங்கும். மெழுகு அந்துப்பூச்சி அதில் பெருகி, பிறகு பெட்டிகளைத் தேடி வரும். கீழே விழுந்த துண்டுகளை அன்றே பொறுக்கி உருக்குங்கள். பெட்டிக்குள்ளும் தேனீக்கள் மேலே நின்று மூடாத பழைய வதைகளை வெட்டி எடுத்துவிட்டு, அடித்தட்டைச் சுரண்டித் துடையுங்கள்.