எங்கெல்பெர்க் ரயில் ஏறுங்கள், சுவிஸ் புரியும்

சுவிட்சர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் 26 கன்டோன்களையும் (மாநிலங்கள்) பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். வீண் வேலை. லூசர்னில், மலையூரான எங்கெல்பெர்க்குக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். முக்கால் மணி நேரத்தில் நாட்டின் சூட்சுமமே பிடிபட்டுவிடும். போய் வந்த உற்சாகம் இன்னும் அடங்கவில்லை!

ஹெர்கிஸ்வில், ஸ்டான்ஸ், வொல்ஃபென்ஷீசென் மூன்று ஊர்களும் நிட்வால்டன் கன்டோன். ஸ்டேஷன் பக்கம் நிற்கும் கார்களின் பின்பக்க நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: இரட்டைத் தண்டுள்ள சாவிச் சின்னம். அடுத்து வரும் கிராஃபனோர்ட்டில் அது ஒற்றைச் சாவியாகிவிடும். அதாவது ஒப்வால்டன் கன்டோன். பல்சக்கரத் தண்டவாளத்தில் சுரங்கத்துக்குள் ஏறினால் எங்கெல்பெர்க், அதுவும் ஒப்வால்டன்தான். ஆனால் ஒப்வால்டனின் தலைநகர் சார்னன் மலைக்கு அந்தப் பக்கம். ரயிலில் போக, திரும்ப நிட்வால்டன் வழியே வந்து ஹெர்கிஸ்வில்லில் மாற வேண்டும்.

ஒப்வால்டனுக்கு ஏன் இந்தத் தனித் துண்டு நிலம்? 1120இல் தொடங்கிய பெனடிக்ட் மடம்தான் 1798 வரை இந்தப் பள்ளத்தாக்கை ஆண்டது. 1803இல் நிட்வால்டனோடு சேர்த்தார்கள். 1815இன் கூட்டாட்சி ஒப்பந்தத்தை நிட்வால்டன் ஏற்க மறுத்ததும் எங்கெல்பெர்க் ஒப்வால்டன் பக்கம் போய்விட்டது. டிட்லிஸ் மலைக்குப் போகும் கேபிள் காருக்குக் கொட்டும் பணத்தை மிச்சம் பிடித்து மடத்தைப் பாருங்கள்.

இந்த எல்லைகள் வெறும் கோடுகள் இல்லை. பெரும்பாலான கன்டோன்களுக்கு நாடாளுமன்ற மேலவையில் இரண்டு இடம், நிட்வால்டன், ஒப்வால்டன் இரண்டுக்கும் ஆளுக்கு ஒன்றுதான். குடியுரிமைக்கு நாட்டில் 10 ஆண்டு இருந்தால் மட்டும் போதாது. கன்டோனைப் பொறுத்து 2 முதல் 5 ஆண்டு அங்கேயே வசித்திருக்க வேண்டும். சூரிச்சை விட்டு வாடகை குறைந்த கன்டோனுக்கு மாறுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

செலவு? கெமைண்டே (உள்ளூராட்சி) அலுவலகம் விற்கும், நாள் முழுக்கப் பயணிக்கும் சேமிப்பு நாள் டிக்கெட், 2025 விலைப்படி, அரைக்கட்டண அட்டையோடு இரண்டாம் வகுப்பு 39 ஃபிராங்க். அது 10 நாள் முன்புவரைதான், பிறகு 59. எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பெயர், பிறந்த தேதி கேட்பார்கள். ஜெனிவாவிலிருந்து வந்தால் கொள்ளை லாபம். லூசர்னிலிருந்தே கிளம்பினால் வாங்காதீர்கள், சாதாரண டிக்கெட்டே மலிவு.

நவம்பர் 1 அன்று சூரிச்சில் வேலை நாள், இந்தக் கத்தோலிக்கக் கன்டோன்களில் விடுமுறை, பல கடைகள் பூட்டியிருக்கும். அன்று போனால் கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.