முள் கத்தரியும் புங்கமரமும்: ஏழு ஆண்டுக் கொல்லைக் குறிப்புகள்

காட்பாடியை அடுத்த காங்கேயநல்லூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தது 2018ஆம் ஆண்டு தை மாதத்தில். வீடு கிழக்குப் பார்த்தது. மேற்கே முப்பதடி அகலமும் இருபத்திரண்டடி நீளமும் உள்ள கொல்லை மட்டும் மிஞ்சியது. அதில் காய்கறி போடுவதா, நிழல்மரம் வைப்பதா என்ற பேச்சு குடிவந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டது. மனைவிக்குக் கத்தரிப் பாத்தி வேண்டும். அம்மாவுக்கு மரம் வேண்டும். அவர் கட்டில் கிடந்தது மேற்குச் சுவரை ஒட்டிய அறையில். சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கை வைத்தால் சுட்டது. தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் சொலவடையில் இரண்டாவது பாதியின் பொருள் அந்தச் சுவரைத் தொட்டபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

இரண்டையும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்து, அன்று முதல் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். அதிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

கத்தரியில் எங்கள் மாவட்டத்துக்கே உரிய முள் கத்தரியைத் தேர்ந்தோம். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் தலைமுறைகளாகப் பயிராகும் இந்த வகைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் தண்டிலும் முள் இருக்கும். காய் பளபளக்கும் ஊதா நிறம், உள்ளே விதை குறைவு, எண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாகக் குழையும். விதை தந்த பெரியவர் செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த காயைப் பிசைந்து, இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, அலசி, சாம்பல் கலந்து நிழலில் உலர்த்தி வைத்திருந்தார். "காய இழுத்துப் பறிக்காதீங்க சார், கிளை முறிஞ்சிடும், காம்போட கத்தரிக்கோல்ல வெட்டுங்க" என்று அவர் சொன்னதை இன்றுவரை மீறியதில்லை.

2018 ஆடியில் விதைத்து, முப்பத்திரண்டாம் நாள் பன்னிரண்டு நாற்றுகளை இரண்டடி இடைவெளியில் வடக்கு மதிலை ஒட்டி நட்டேன். நட்ட ஐம்பத்தெட்டாம் நாள் முதல் பறிப்பு. அந்தப் பருவம் முழுவதும் கிடைத்தது பதினொரு கிலோ; பத்துக் காய் பறித்தால் மூன்றில் துளை இருந்தது. தண்டிலும் காயிலும் துளைக்கும் புழுவை நான் அறியாமல் விட்டதுதான் காரணம். மண் ஈரமாக இருக்கும்போதே காலையில் ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கினால், உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். அந்தக் கொழுந்தை நல்ல தண்டு தெரியும்வரை கிள்ளி, சோப்பு நீரில் போட வேண்டும். நான் முதலாண்டு அவற்றை எருக்குழியில் போட்டதால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகிப் பாத்திக்குத் திரும்பியது. மறு ஆண்டு முதல் நாள்தோறும் கொழுந்து பார்ப்பதும், வாரம் ஒருமுறை வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளிப்பதும், ஆண் அந்துப்பூச்சிகளை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் ஓர் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவதும் வழக்கமாயின. துளை விழுந்த காய் பத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. காய்ப்பு தளர்ந்தவுடன் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு எரு வைத்தால் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும் என்பதையும் செய்து பார்த்தே கற்றேன்.

புங்கங்கன்றை 2018 ஐப்பசியில், மழை பிடித்த பிறகு, கொல்லையின் வடமேற்கில் வைத்தேன்: வடக்கு மதிலிலிருந்து ஆறடி, வீட்டுச் சுவரிலிருந்து பதினான்கடி. வேம்பை விட்டுப் புங்கத்தை எடுத்ததற்குக் காரணம் அதன் காலக்கணக்கு. மாசியில் இலை உதிர்த்து, பங்குனியில் தளிர்விட்டு, அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் அடர்ந்த குடையாக நின்றுவிடும். நிழல் வேண்டிய மாதத்தில் நிழல் இருக்கும். இலையில் சிலந்திப்பேன் உண்டாக்கும் கொப்புளங்கள் வரும். பார்க்க அழகில்லையே தவிர மரத்துக்கு அவற்றால் பெரிய கேடில்லை என்பதால் எந்த மருந்தும் அடித்ததில்லை.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் ஏற்றிச் சென்ற 2019ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் தெருவில் பல போர்கள் வற்றின. வெட்டிவிட்டுத் துளிர்த்திருந்த கத்தரி பன்னிரண்டுக்கும் அந்தக் கோடையில் நாளொன்றுக்கு முப்பத்தைந்து லிட்டருக்குக் குறையாமல் தேவைப்பட்டது. பாத்திரம் கழுவிய நீரைச் சேர்த்தும் போதாமல், செடி பிழைத்ததே தவிரப் பூவெல்லாம் கொட்டியது. புங்கங்கன்றுக்கு இரண்டு நாளுக்கு ஒரு வாளி போதுமானதாக இருந்தது. அதன் இரண்டாம் ஆண்டில் வாரம் ஒரு வாளி. மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு நான் அதற்கென்று தண்ணீர் விட்டதே இல்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டும் மரம் எங்களுக்கு எதையும் தரவில்லை என்பதையும் அதே நோட்டில் குறித்திருக்கிறேன். கத்தரி மூன்று மாதத்திலேயே குழம்பில் இருந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது கொல்லையில் இரண்டு நாள் நீர் நின்றது. கத்தரி அத்தனையும் வேரழுகிப் போயிற்று. மரம் ஓர் இலைகூட வாடாமல் நின்றது. அதன் பிறகு மேட்டுப்பாத்தியில்தான் நடுகிறேன்.

இவ்வளவு வரை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். 2022 கார்த்திகையில்தான் அவை மோதின. அப்போது மரம் பதினைந்தடி வளர்ந்திருந்தது. வடக்கு மதிலோரத்துக் கத்தரிகள் நெடுநெடுவென்று வளர்ந்து, கணுவிடை நீண்டு, பூவே இல்லாமல் நின்றன. எருவைக் கூட்டினேன், இலைதான் பெருத்தது. கத்தரிக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்; அந்தப் பாத்திக்கு நண்பகலுக்குப் பின் வெயிலே இல்லை என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கே உட்கார்ந்து பார்த்த பிறகே உணர்ந்தேன். மரத்தை வெட்டிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. அம்மா என்னிடம், "ஏம்பா, செடிய எடுத்து வேற பக்கம் வைக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

வேறு பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அதை அறிய, மார்கழி தொடங்கி ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதியன்று பிற்பகல் மூன்று மணிக்கு மரத்தின் நிழல் விழும் எல்லையைச் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டு, அளந்து, நோட்டில் வரைந்தேன். இந்த ஏழாண்டில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை இதுதான். மார்கழியில் சூரியன் தென்மேற்கே சாய்வதால் நிழல் வடகிழக்காக நீண்டு, பழைய பாத்தியை முழுவதுமாக மூடியது. சித்திரை இரண்டாம் வாரத்தில் வேலூரில் உச்சிப்பொழுதுச் சூரியன் நேர் தலைக்குமேல் வருகிறது. அதன் பிறகு ஆவணித் தொடக்கம்வரை சற்று வடக்கே நின்றே நகர்கிறது. ஆகவே வைகாசியில் பிற்பகல் நிழல் கிழக்கிலிருந்து தெற்காகச் சாய்ந்து விழுந்தது. மரத்துக்குத் தென்கிழக்கே உள்ள துண்டு நிலத்தில் குளிர்காலம் முழுவதும் வெயில் அடிக்கிறது. கத்திரி வெயில் காலத்தில் மட்டும் மூன்று மணிக்குமேல் நிழல் விழுகிறது. கன்றை நான் வடமேற்கில் வைத்தது எந்தக் கணக்கும் இல்லாமல்தான். அதையே தென்மேற்கில் வைத்திருந்தால் குளிர்கால நிழல் கொல்லையின் நடுவில் படிந்து, கத்தரிக்கு நல்ல இடமே இருந்திருக்காது. எனவே மனையில் மரம் வைக்க நினைப்பவர்கள் கன்று வைக்குமுன் அவ்விடத்தில் ஒரு நீண்ட கழியை நட்டு, மார்கழியில் ஒரு நாளும் வைகாசியில் ஒரு நாளும் நிழலைக் குறித்துப் பார்க்குமாறு மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

2023 ஆடியில் பாத்தியைத் தென்கிழக்கே மாற்றினேன். தோண்டும்போது பென்சில் பருமனில் புங்கவேர்கள் வந்தன. மரத்துக்கும் பாத்திக்கும் நடுவே இரண்டடி ஆழக் கால்வாய் எடுத்து, அந்தப் பக்க வேரை மட்டும் அறுத்து, வீடு கட்டியதில் மிஞ்சிய கடப்பைக் கற்களை நிறுத்தி வைத்து மூடினேன். எல்லாப் பக்கமும் வேரறுத்தால் காற்றில் மரம் நிற்காது என்பதால் மற்ற மூன்று பக்கங்களைத் தொடவில்லை. மாசியில் உதிரும் புங்க இலைகளை அள்ளி மூடாக்காகப் பரப்பினேன். அடியுரத்துடன் குழிக்கு ஒரு கைப்பிடி புங்கம் புண்ணாக்கும் போட்டேன்.

அந்தப் பருவத்தில் பன்னிரண்டு செடியில் பத்தொன்பது கிலோ கிடைத்தது. அதைவிட நான் மதிப்பது அடுத்து வந்த கோடையை. 2024இல் வெயில் 42 டிகிரியைத் தாண்டிய நாட்களிலும், தை இறுதியில் வெட்டிவிட்டுத் துளிர்த்த செடிகள் பூவை முழுவதும் உதிர்க்காமல், வாரத்துக்கு அரைக் கிலோ அளவிலாவது தொடர்ந்து காய்த்தன. மூடாக்கினாலும் நிழலினாலும் தண்ணீர் இருபது லிட்டரில் அடங்கியது. அம்மாவின் அறையில் இரவு எட்டு மணிக்கு நான் வழக்கமாக எடுக்கும் அளவு 2019 வைகாசியில் 38 டிகிரி. 2024 வைகாசியில் 35. சித்திரையில் புங்கம்பூ பொரி சிதறியது போலப் பாத்திமேல் விழுந்து கிடக்கும். அம்மா அதைப் பெருக்கவிடுவதில்லை. தேனீக்கள் அந்தப் பூவுக்கு வந்து, கத்தரிப்பூவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

ஒரே இடத்தில் தொடர்ந்து கத்தரி வைத்தால் வாடல் நோய் தங்கிவிடும் என்பதால் பாத்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வெண்டையும் தட்டைப்பயறும் மாற்றி மாற்றி வைக்கிறேன். கத்தரி இப்போது எட்டுச் செடிதான். இந்த 2025 ஆடியில் குழித்தட்டில் முளைத்த பதினான்கு நாற்றுகளில் எட்டை ஆவணியில் நடுவேன், மீதியை எதிர்வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மரத்தின் தெற்குப் பக்கக் கிளை ஒன்று பாத்தியை நோக்கித் தாழ்ந்து வருகிறது; மழைக்குமுன் அதை அடியோடு ஒட்டி அறுத்துவிட்டு, மார்கழி முதல் தேதியன்று மீண்டும் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.