கலப்புக் கட்டடங்களின் கட்சி நான்

ரங்கூனின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமை அலுவலகமாக இருந்த செயலகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாகச் செங்கல், 1889 முதல் 1905 வரை இழுத்த வேலை, 1947 ஜூலை 19 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானும் அவர் சகாக்களும் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். வரலாறு என்று பார்த்தால் அதற்கு மிஞ்சினது இல்லை. ஆனால் கட்டடமாகப் பார்த்தால் எனக்குப் பிரமிப்பு வருகிறதே தவிர ஆசை வருவதில்லை. அசல் விக்டோரியா பாணி. கல்கத்தாவில் கட்டியிருந்தாலும் இப்படியேதான் நின்றிருக்கும்.

என் ஓட்டு மாநகராட்சி மண்டபத்துக்கு. சூலே பகோடாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தினமும் ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள், நின்று பார்ப்பவர்கள் குறைவு. 1926இல் தொடங்கி 1936இல் முடிந்தது. முதலில் போட்ட வரைபடம் வெள்ளைக்காரர் ஒருவருடையது. அப்புறம் அது ஊ டின் என்ற பர்மியக் கட்டடக் கலைஞர் கைக்கு வந்தது, உடம்பு ஐரோப்பிய ஆபீஸாகவே இருக்க, தலையில் பர்மிய அடுக்குக் கூரை ஏறிக்கொண்டது. சுவரில் அங்கங்கே மயில், நாகம். வேட்டிக்கு மேல் கோட்டு போட்ட மாதிரி இருக்கிறதே என்று ஒரு நண்பர் கிண்டலடித்தார். நம் தாத்தாக்கள் அப்படித்தானே ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அதில் என்ன குறைந்து போனார்கள்?

அந்தக் கூரையைச் சும்மா அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அரண்மனைக்கும் மடத்துக்கும் மரத்தில் எழுப்பிய வடிவம் அது. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் அடுக்குவார்கள், நம் கோபுர நிலைகள் போலவே. ராஜாவுக்கும் சாமிக்கும் உரியதை வரி கட்டுகிற ஆபீஸுக்கு மேலே, அதுவும் பிரிட்டிஷ் ஆட்சி நடக்கும்போதே, கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒரு அரசியல் பேச்சாகத்தான் தெரிகிறது. போரில் பழைய ரயில் நிலையம் அழிந்த பிறகு, 1954இல் திறந்த புது நிலையத்திலும் இதே அடுக்குக் கூரைகள்தான், அதுவும் ஊ டின் வேலைதான். ஆனால் அதற்குள் நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது, அதனால் அங்கே அந்தத் துணிச்சல் தேவைப்படவில்லை.

பான்சோடான் தெருவில் இருக்கும் சோஃபேர் கட்டடம் வேறு மாதிரிக் கலப்பு. பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பம் 1906இல் கட்டியது. தரை ஓடுகள் மான்செஸ்டரிலிருந்து, இரும்பு உத்தரங்கள் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரிலிருந்து. மாடியில் லோகநாத் என்ற ஓவியக் கூடம் 1971 முதல் இருக்கிறது. சுவரில் இருக்கிற படத்தை விட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நடக்கும் ஆள் நான். அந்த ஓடுகளின் மேல் நின்றுகொண்டு பர்மிய நவீன ஓவியம் பார்ப்பதில் ஒரு பொருத்தம் உண்டு, ஏனென்றால் இங்கே நவீன ஓவியமும் கலப்பில் பிறந்ததுதான். ஓவியர் பஜி ஆங் சோ 1951இல் வங்காளத்தில் தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போனார். திரும்பி வந்து பத்திரிகைக் கதைகளுக்கு அவர் போட்ட படங்களைப் பார்த்து, இது பைத்தியக்கார ஓவியம் என்று கேலி பேசினார்கள். பழைய தலைநகர் பகானின் கோயில் சுவரோவியக் கோடும், உருவங்களைக் கட்டம் கட்டமாக உடைத்து வரையும் ஐரோப்பியக் கியூபிசமும் வங்காளமும் ஒரே பக்கத்தில் வந்தால் பின்னே என்ன சொல்வார்கள்! மனிதர் அசரவில்லை, 1990இல் சாகும்வரை வரைந்துகொண்டே இருந்தார்.

நம்மவர் பங்கு என்றதும் எல்லோரும் 26ஆம் தெருக் காளி கோயிலைக் காட்டுவார்கள். 1871இல் தமிழர்கள் கட்டியது, கோபுரம் முழுக்க வண்ணச் சுதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைவிடப் பெரிய தமிழ்–பர்மா கலப்பு கடலுக்கு அந்தப் பக்கம் காரைக்குடிச் செட்டியார் வீடுகளில் இருக்கிறது. தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு, சுவரில் ஜப்பான் ஓடு, பிற்பாடு கட்டிய வீடுகளின் முகப்பில் ஆர்ட் டெக்கோ என்ற மேல்நாட்டுப் பாணிக் கோடுகள். படங்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம், சரி. ஆனால் 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, வட்டி கட்ட முடியாத விவசாயிகளிடமிருந்து வந்தது. பர்மியர்களோடு உட்கார்ந்து அந்தத் தூண்களின் அழகைப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு புகார். 1950களின் கட்டடங்களை இங்கே யாரும் கண்டுகொள்வதே இல்லை. பியே சாலையில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராக்லன் ஸ்குவையர் வடிவமைத்த பழைய எஞ்சினியரிங் கல்லூரி இருக்கிறது. அதன் குவிந்த மண்டபத்தை ஆமை என்றே சொல்வார்கள். வெயிலும் மழையும் தெரிந்த ஆள் கட்டியது என்று பார்த்ததும் தெரியும். காபா ஏ பகோடா பக்கம் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் போல்க் கட்டிய, பௌத்த மறைநூல்களுக்கான திரிபிடக நூலகமும் அப்படித்தான். ரங்கூனுக்கு வரும் சொந்தக்காரர்களை நான் அங்கே கூட்டிப்போனால், ஷ்வேடகோன் பகோடாவுக்கு எப்போது போகிறோம் என்றுதான் கேட்கிறார்கள்.