தொட்டி ரோஜாவுக்குக் கரும்புள்ளியா, சாம்பலா? முதலில் அதைப் பாருங்கள்

ரோஜா இலையில் எது தெரிந்தாலும் கடைக்குப் போய் "பூஞ்சை மருந்து" ஒன்று வாங்கி அடித்துவிடுகிறோம். மாடித்தோட்டத்தில் அடிக்கடி வரும் இரண்டு நோய்களும் ஒன்றுக்கொன்று நேரெதிர். ஒன்றுக்கு இலையில் ஈரம் நின்றே ஆகவேண்டும், மற்றதற்கு அது தேவையே இல்லை.

ஐப்பசி மழையோடு வருவது கரும்புள்ளி. ஓரம் பிசிறடித்த கறுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள், பிறகு இலை உதிரும். பெரும்பாலும் அடி இலைகளில்தான் தொடங்கும், ஏனென்றால் உதிர்ந்து கிடக்கும் நோயிலையிலிருந்து பூஞ்சை வித்துகள் தண்ணீர் தெறித்துத்தான் மேலே ஏறுகின்றன. ஏறிய வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாக இருக்கவேண்டும். சாயங்காலம் பூவாளியால் செடியின் தலையில் ஊற்றினால் அந்த ஏழு மணி நேரத்தை நாமே கொடுக்கிறோம். காலையில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். தொட்டி மண்ணிலிருந்து அரை அடி உயரம் வரை இலைகளைக் கிள்ளிவிட்டு, மண்மேல் தென்னை நாரைப் பரப்புங்கள். தொட்டிக்குத் தொட்டி ஓரடி இடைவெளி வேண்டும். உதிர்ந்த இலை குப்பைக்குத்தான் போகவேண்டும். வீட்டு உரத்தொட்டி வித்து சாகும் அளவுக்குச் சூடேறுவதில்லை.

மழையை நம்மால் நிறுத்த முடியாது. அதனால் பருவம் தொடங்குமுன்பே பூஞ்சைக்கொல்லிகளான மேங்கோசெப் லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம் கலந்து, இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்கலாம். 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். புள்ளி விழுந்த இலையை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது, புது இலையைத்தான் காக்கும். கையுறை, முகக்கவசம் கட்டாயம். மருந்தடித்த செடியின் இதழைக் குல்கந்துக்கு எடுக்கவே கூடாது.

மார்கழி, தை மாதங்களில் வருவது சாம்பல் நோய். பகல் வறண்டு இரவு குளிரும்போது இளந்துளிரிலும் மொட்டுக் காம்பிலும் வெள்ளைப் பொடி படியும், துளிர் சுருளும். இலையை உலர்வாக வைத்தும் ஏன் வந்தது என்று குழம்பவேண்டாம், இதற்கு ஈர இலை வேண்டியதில்லை. கடலைப் பிண்ணாக்கோ யூரியாவோ அதிகமானால் துளிர் மெத்தென்று வளர்ந்து எளிதில் மாட்டிக்கொள்ளும். நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள், wettable sulphur) லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலையில் அடியுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள், இரண்டும் சேர்ந்தாலும் கருகல்தான்.

கவாத்து செய்த, அதாவது கிளையை வெட்டிவிட்ட, நுனியிலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே கீழிறங்கினால் அது நுனிக்கருகல். கறுப்புக்கு ஓரங்குலம் கீழே, உள்தண்டு வெளுப்பாகத் தெரியும் இடத்தில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெட்டுவாயில் தடவுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும். ஐப்பசிக் கவாத்தை மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தபின் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு செய்தும் நுனி கருகிக்கொண்டே இருந்தால் வேரைப் பாருங்கள். நர்சரி ரோஜா பல நேரம் இறுகிய களிமண் உருண்டையோடுதான் வரும். அந்த உருண்டைக்குள் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டினால் செடி தளர்ந்து கருகலுக்கு இடம் கொடுக்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறாமல் களிமண்ணைக் கரைத்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்த 12 அங்குலத் தொட்டியில் நட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.