வேட்டிக்குப் பொக்கெட் இல்லை: இரண்டு கமராக்களுடன் ஆறு மாதம்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் வாரம் இரண்டு கமராக்கள் என் கைக்கு வந்து சேர்ந்தன. இரண்டும் என்னுடையவை அல்ல. ஒன்று, திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன் கொண்டுவந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3. 2014இல் வந்த மாதிரி. கைத்தொலைபேசி வாங்கிய பிறகு மேசை லாச்சிக்குள் கிடந்ததாம். "வைத்துப் பார், பிடித்தால் காசைப் பிறகு பேசுவோம்" என்றார் அண்ணா. மற்றையது கேனன் ஈஓஎஸ் ஆர்50. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் மச்சான் உதிரியாக வைத்திருந்தது. அவரும் தை கடைசி வரை தவணை தந்தார்.

லென்ஸைக் கழற்றி மாற்றும் மிரர்லெஸ் (கேனன் அந்த வகை) வாங்குவதா, சட்டைப் பைக்குள் போகும் கொம்பாக்ட் (சோனி அந்த வகை) வாங்குவதா என்று ஒன்றரை வருடமாக வீடியோ பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்த எனக்கு இதைவிட என்ன வேண்டும்? கைத்தொலைபேசி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. அதில் எடுத்த படங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் அச்சடித்ததில்லை.

கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். மிரர்லெஸ்ஸும் அதோடு கூட வரும் 18–45 மி.மீ. லென்ஸும் சேர்ந்து 505 கிராம், கொம்பாக்ட் 290 கிராம். எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்னையதற்கு ஒரு பை வேண்டும், பைக்கு ஒரு தோள் வேண்டும், மழை வந்தால் பைக்கு ஓர் உறையும் வேண்டும். இரண்டாம் வாரமே அந்தப் பை வீட்டில் தங்கத் தொடங்கிவிட்டது. கொம்பாக்ட் எந்த யோசனையும் இல்லாமல் சட்டைப் பையில் ஏறி வந்தது.

சட்டை இருக்கும் வரைக்கும்தான் அந்த வசதி என்பது நல்லூரில் தெரிந்தது. கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் போக வேண்டும். படம் எடுக்கவும் அனுமதி இல்லை. கும்பிட்டுவிட்டு வெளிவீதியில் எடுப்போம் என்று கமராவை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு போனேன். அர்ச்சனைத் தட்டு ஒரு கையில், மற்றக் கை இடுப்பைப் பிடித்தபடி. மூன்றாவது முறை வேட்டி நழுவியபோது பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர், "தம்பி, வயிற்றுக்குள் ஏதும் பிரச்சினையோ?" என்று அக்கறையாகக் கேட்டார். பொக்கெட் கமராவுக்குப் பொக்கெட் வேண்டும் என்பதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

வெளிவீதி மணலில் அன்று மாலை எடுத்தவற்றில் இரண்டு படங்கள் தேறின. ஒன்றில் கற்பூரச் சட்டியோடு ஒரு அம்மா, முகத்தில் சட்டியின் வெளிச்சம் மட்டும். மற்றையது கச்சான் கடைப் பெண் சரை சுற்றும் கை. கமரா சத்தமே போடவில்லை. இந்தக் கமராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, இதழ்கள் விரிந்து மூடுகிற வகை. எடுத்தது எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஆவணி முழுவதும் காலையில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். வேலைக்குப் போகும் வழிதான், அரை மணித்தியாலம் முந்திப் புறப்பட்டால் போதும். வாழைக்குலைகள் இறக்கும் நேரம், வெளிச்சம் இன்னும் நீலமாக இருக்கும், தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை மின்குமிழ். இங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சர் பெரிதாக இருந்தால் இருட்டில் நன்றாக எடுக்கும் என்பது எல்லோரும் சொல்வது. ஆர்50இன் சென்சர் 22.3 × 14.9 மி.மீ. கொம்பாக்டில் இருப்பது "ஒரு இஞ்சி", அதாவது ஒரு அங்குல, சென்சர். அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் அதில் இஞ்சி எங்கும் இல்லை, 13.2 × 8.8 மி.மீ.தான். பழைய வீடியோக் கமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து அழைத்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரப்பளவில் மிரர்லெஸ் சென்சர் ஏறக்குறைய 2.9 மடங்கு பெரியது. ஆகவே அதுதான் வெல்ல வேண்டும்.

வெல்லவில்லை. இதரை வாழைக்குலைகளுக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்று, இரண்டிலும் 1/60 விநாடி வைத்தேன். கொம்பாக்டின் லென்ஸ், ஸூம் செய்யாத விரிந்த முனையில், எஃப் 1.8 வரை திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம்). ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், 800 போதுமாக இருந்தது; அது ஏற ஏறப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி விழும். மிரர்லெஸ்ஸோடு வரும் லென்ஸ் எஃப் 4.5க்கு மேல் திறக்காது. அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 5000 கேட்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 4.5ஐ 1.8ஆல் வகுத்தால் 2.5, அதன் வர்க்கம் 6.25. சென்சர் 2.9 மடங்கு பெரிது என்பதை அதில் கழித்துக்கொண்டாலும், கொம்பாக்டுக்குள் விழும் மொத்த ஒளி இரு மடங்குக்குச் சற்று மேல். ஸூமை முழுக்க நீட்டிய நீண்ட முனையில் 2.8க்கு 6.3, அங்கேயும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. பெரிய கிணற்றுக்குச் சின்ன வாளி போட்ட கதை. ஏ4 அளவில் இரண்டையும் அச்சடித்து அக்காவிடம் காட்டினேன். எது எந்தக் கமரா என்று சொல்லாமல், எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். கொம்பாக்ட் படத்தைத்தான் எடுத்தார். "இதிலே பழம் பழமாக இருக்கிறது" என்பது அவர் சொன்ன காரணம்.

பெரிய கமராவைத் தூக்கியதும் சந்தையில் எல்லாம் மாறிவிடும். "எந்தப் பேப்பர் தம்பி?" என்று கேட்டு, வாழைப்பழ விலை ஏன் விழுந்தது என்பதை எழுதச் சொன்னார் ஒருவர். கொம்பாக்டைக் கண்டவர்கள் சிரித்தார்கள். ஒரு ஆச்சி, "இது பழைய காலத்துக் கமராவெல்லோ, ரோல் கிடைக்குதோ?" என்று இரக்கப்பட்டார். இரக்கப்படுகிறவர்கள் இயல்பாக நிற்கிறார்கள்.

பாசையூரில் ஒரு நாள், உச்சி வெயில். வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், தலையில் பனையோலைத் தொப்பி, முகம் முழுக்க நிழல், பின்னால் கடல் வெள்ளையாக எரிகிறது. யாழ்ப்பாணத்து நண்பகலில் முகத்தைப் படம் எடுத்தவர்களுக்கு இந்தத் தலையிடி தெரியும். வானத்தைக் காப்பாற்றினால் முகம் கரி, முகத்தைக் காப்பாற்றினால் வானம் சுண்ணாம்பு. நான் சொன்ன அந்த இதழ் ஷட்டரால் 1/1000 விநாடியிலும் ஃபிளாஷ் முழுதாக வேலை செய்தது. ஒரு மீற்றருக்குள் குந்தியிருந்து, எஃப் 5.6இல் அந்தக் குண்டுமணி ஃபிளாஷை அடித்தேன். தொப்பிக்குக் கீழே கண் வந்தது, கடலும் நீலமாக நின்றது. மிரர்லெஸ்ஸிலும் ஃபிளாஷ் உண்டு. 1/250 விநாடிக்கு மேல் அது ஒத்துழைக்காது. ஆகவே லென்ஸை எஃப் பத்து, பதினொன்று வரை மூட வேண்டும், அந்தச் சின்ன ஃபிளாஷுக்கு அது எட்டாது. இந்த ஒரு படத்தோடு கொம்பாக்ட்தான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

புரட்டாதியில் வாணி விழா வந்து அந்த முடிவைக் கலைத்தது.

அக்காவின் மகள், என் மருமகள், பாடசாலை மண்டபத்தில் ஆடினாள். மேடையில் இரண்டு குழல் விளக்கு, ஒரு மஞ்சள் விளக்கு. கொம்பாக்டை எடுத்தேன். குவியத்தைத் தேடித் தேடி முன்னும் பின்னும் அலைந்தது. அது கண்டுபிடிப்பதற்குள் அவள் அடுத்த அடவுக்குப் போய்விட்டாள். பத்து வருடத்துக்கு முந்திய கமரா, காட்சியில் வெளிச்சமும் நிழலும் வேறுபடுவதை வைத்துத்தான் குவியம் பிடிக்கும். ஓடுகிற பிள்ளையை அதனால் துரத்த முடியாது. புதிய கொம்பாக்டுகள் இதில் எவ்வளவோ முன்னேறிவிட்டன, விலையும் அப்படியே முன்னேறிவிட்டது.

மச்சான் அன்று கூட வந்திருந்தார். என் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைத் தந்தார். 160 கிராம், ஒரு சுண்டுப் பேணியின் பாதி அளவு. ஆர்50இல் மாட்டினால், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கமராவில் 80 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணம் கிடைக்கும், மண்டபத்தின் மூன்றாம் வரிசைக்கு அளவெடுத்துத் தைத்தது போல. கமரா பிள்ளையின் கண்ணைப் பிடித்துக்கொண்டது, பிறகு விடவே இல்லை. 1/250 விநாடி, ஐஎஸ்ஓ 2500. அதே படத்தைக் கூட வந்த லென்ஸில் எடுத்திருந்தால் ஐஎஸ்ஓ 30,000ஐத் தொட்டிருக்கும். கொம்பாக்டின் நீண்ட முனையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஏழு மடங்கு ஒளி. முத்திரை பிடித்த விரல்நுனி கூர்மையாகவும் பின்னால் இருந்த சரஸ்வதி படமும் தோரணமும் மெழுகாகக் கரைந்தும் வந்த அந்தப் படத்தைப் பார்த்து அக்கா அழுதுவிட்டார். எனக்கும் கொஞ்சம் தொண்டை அடைத்தது, அது லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்பதற்காகவும் இருக்கலாம்.

ஆகவே கடையில் ஒரே பெட்டிக்குள் கமராவும் லென்ஸும் போட்டு விற்பதைப் பார்த்து, அதோடு நின்றுவிடப்போகிறவர்கள் மிரர்லெஸ் வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. அந்தப் பணம் இரண்டாவது லென்ஸுக்கான முற்பணம். அந்த இரண்டாவது லென்ஸ் இந்த வருடம் வரப்போவதில்லை என்றால், கொம்பாக்டை ஏளனம் செய்ய அந்தப் பெட்டிக்கு உரிமை இல்லை. சின்னச் சலிப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. 18–45 லென்ஸைத் திருகி நீட்டாவிட்டால் கமரா படம் எடுக்காது. இரண்டு கொக்குகளும் ஒரு மாட்டு வண்டிலும் இப்படிப் போய்விட்டன. கொம்பாக்டில் கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டரை மேலே தட்டி எழுப்பி, பிறகு கண்ணாடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதை உள்ளே தள்ளினால் கமராவே அணைந்துவிடும்.

பண்ணைக் கடலில் பூநாரைகளையும் முயன்றேன். இரண்டிலும் அவை உப்புக் கல் அளவுக்குத்தான் வந்தன. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கமராக்களை வெளியே எடுக்கவில்லை. ஈரம் பட்டால் லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படரும் என்று மச்சான் பயமுறுத்தியிருந்தார். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் நீல சிலிக்கா மணிகளோடு இரண்டையும் வைத்தேன். ஈரத்தை உறிஞ்சினால் மணிகள் இளஞ்சிவப்பாகும், சூடாக்கினால் திரும்ப நீலமாகும். பத்தே நாளில் சிவந்துவிட்டன. அம்மாவின் தாச்சியில் போட்டு வறுக்கத் தொடங்கினேன். மீன் பொரிக்கும் தாச்சி. அன்று வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. பிறகு தேடிப் பார்த்தபோது அம்மாவின் பக்கம்தான் நியாயம் என்று தெரிந்தது: அந்த நீலம் கோபால்ட் குளோரைட், உணவுப் பாத்திரத்தின் பக்கமே போகக்கூடாத சாமான். இப்போது அந்தத் தாச்சி என்னுடையது. அம்மாவுக்குப் புதுத் தாச்சி வாங்கிய செலவையும் கமராக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா. இரண்டையும் கொண்டுபோனேன். கடற்கரையில் சனம், காற்று, மேலே வீடளவு பட்டங்கள். கூட்டத்துக்கு மேலால் கையை உயர்த்தி, திருப்பக்கூடிய திரையைக் கீழே பார்த்து எடுப்பதற்கு மிரர்லெஸ் சுகமாக இருந்தது. பட்டத்தை நெருக்கமாகப் பிடிக்கலாம் என்ற ஆசையில், கடல் காற்றுக்கு முதுகைக்கூடக் காட்டாமல், அங்கேயே நின்று லென்ஸைக் கழற்றி 50ஐ மாட்டினேன். இரண்டு வினாடி வேலை. அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் ஏழு கரும்புள்ளிகள், ஒரே இடத்தில், ஒரே வரிசையில். பட்டம் மாறுகிறது, புள்ளி மாறவில்லை. மச்சானிடம் சொன்னேன். சென்சரில் ஒட்டிய தூசியை ரப்பர் ஊதியால் நாலு ஊது ஊதிச் சுத்தமாக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. கொம்பாக்டுக்குள் தூசி போயிருந்தால் இப்படி வீட்டில் ஊத முடியாது, பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று தன் கமராவுக்காக வாதாடவும் செய்தார்.

ஆறு மாதத்தில் அச்சடித்தவை 12 படங்கள். ஒன்பது கொம்பாக்ட். மிச்சம் மூன்றும் மிரர்லெஸ், மூன்றுமே அந்த 50இல் எடுத்தவை. கூட வந்த லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. சுவரில் சட்டம் போட்டுத் தொங்குவது மருமகள்தான் என்றாலும், நான் தினமும் சைக்கிளில் போகிறவன், அவள் ஆடுவது வருடத்துக்கு இரண்டு தரம். மிரர்லெஸ்ஸை மச்சானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பங்குனியில் பாடசாலை ஆண்டு விழா, அதற்கு 50ஓடு சேர்த்து இரண்டு நாள் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊதியையும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார், எனக்கென்று தனியாக.

கொம்பாக்டை நானே எடுத்துக்கொள்கிறேன், எவ்வளவு அனுப்பட்டும் என்று அண்ணாவுக்குச் செய்தி போட்டேன். காசு வேண்டாமாம். பட்டத் திருவிழாப் படங்களை மட்டும் அனுப்பட்டுமாம், அங்கே பெரிதாக அச்சடித்து மாட்டப்போகிறாராம். புள்ளி புள்ளியாக அழித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் 46 வானங்கள் மிச்சம்.